சாதனம் செத்தும் திரை பச்சை: தோட்ட வலையமைப்பில் பிங் இடைவெளியைச் சரிசெய்யும் வழி

ஒரு தேயிலைத் தோட்டத்தின் வலையமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும். பெக்டரியில் பிரதான ரவுட்டர், பக்கத்தில் தோட்ட ஆபிஸ். அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் தள்ளி மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் 5 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ இணைப்பு. கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) டிஜிட்டல் தராசு. பெக்டரி வாசல், எரிபொருள் அறை, கேட் என்று கெமராக்கள். ஆபிஸ் கணினி ஒன்றில் கண்காணிப்பு மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சாதனத்துக்கும் பிங் (உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு என்று காட்டும்.

எத்தனை செக்கனுக்கு ஒருமுறை பிங் அனுப்புவது, எத்தனை முறை தவறினால் சிவப்பு என்று முடிவு செய்வது என்ற எண்களை அநேகர் மென்பொருள் தந்தபடியே விட்டுவிடுகிறார்கள். இலங்கை மலைநாட்டில் அது சரிவராது. மேல் டிவிசனுக்கு ஆள் ஏறிப் போகவே முக்கால் மணி நேரம் பிடிக்கும் இடத்தில், 10 செக்கனில் கோளாறை அறிவதால் கிடைக்கும் இலாபம் எதுவும் இல்லை. பொய் எச்சரிக்கை இல்லாமலும், எந்த இடத்தில் அறுந்தது என்பதைச் சரியாகவும் சொன்னால்தான் அந்த நடை வீணாகாது. கீழே உள்ள எல்லா எண்களும் இந்த நோக்கத்தை வைத்தே சொல்லப்படுகின்றன.

முதலில் ஒரு கணக்கு

மென்பொருள் எதுவானாலும் நான்கு எண்கள் இருக்கும்: வழக்கமான இடைவெளி, தவறிய பின் மறுபடி கேட்கும் இடைவெளி, எத்தனை தடவை தவறினால் சிவப்பு, ஒரு பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். இவற்றிலிருந்து இரண்டு விடைகளைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள்.

ஆகக் குறைந்த மௌனம்: தடவைகளில் ஒன்றைக் கழித்து, மறு இடைவெளியால் பெருக்குங்கள். சாதனம் இதைவிடக் குறைந்த நேரம் பேசாமல் இருந்தால் எச்சரிக்கை வராது.

ஆகக் கூடிய தாமதம்: வழக்கமான இடைவெளியோடு மேலே வந்த விடையையும் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். சாதனம் செத்தால் இதற்குள் எப்படியும் தெரிந்துவிடும்.

உதாரணமாக இடைவெளி 60 செக்கன், மறு இடைவெளி 20, தடவை 3, காத்திருப்பு 2 என்று வைத்தால் குறைந்த மௌனம் 40 செக்கன், கூடிய தாமதம் 102 செக்கன். ஒரு ரேடியோ மறுதொடக்கம் ஆகி எழும்ப ஒன்றரை நிமிடம் எடுக்கிறது என்றால் இந்த அமைப்பில் ஒவ்வொரு மறுதொடக்கமும் சிவப்பாகும். அதே ரேடியோவுக்கு மறு இடைவெளி 45, தடவை 4 என்று மாற்றினால் குறைந்த மௌனம் 135 செக்கன் ஆகிறது, கூடிய தாமதம் 197. மூன்றே கால் நிமிடத்தில் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் இடத்துக்கு இதுவே நல்ல அமைப்பு.

ஆகவே எண்களைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு வகைச் சாதனத்தின் கரண்டையும் ஒருமுறை நிறுத்திப் போட்டு, பிங்குக்கு மறுபடி பதில் சொல்ல எத்தனை செக்கன் ஆகிறது என்று மணிக்கூட்டை வைத்து அளந்து கொள்ளுங்கள். இந்த ஒரு அளவு இல்லாமல் வைக்கும் எண் எல்லாம் ஊகம்.

அறிகுறி: சாதனம் வேலை செய்யவில்லை, திரை பச்சை

இடைவெளி நீளமாக இருப்பது முதல் சந்தேகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, மூன்று தடவை தவறினால்தான் சிவப்பு என்று வைத்து, மறு இடைவெளியையும் ஐந்து நிமிடமாகவே விட்டிருந்தால் கூடிய தாமதம் 15 நிமிடத்தைத் தாண்டும். வழக்கமான இடைவெளியைச் சுருக்குவதைவிட மறு இடைவெளியைச் சுருக்குவது நல்லது. நல்ல நேரத்தில் வலையமைப்புக்குப் பாரம் கூடாது, சந்தேகம் வந்த பிறகு மாத்திரம் விரைவாகக் கேட்கும்.

கால் மணி நேரம் கடந்தும் பச்சையாகவே இருந்தால் இடைவெளியைத் தொடாதீர்கள், கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஐபி முகவரியில் பதில் சொல்வது நீங்கள் நினைக்கும் சாதனம்தானா என்று பாருங்கள். கெமரா நின்றுபோன பிறகு அதன் முகவரியை டிஎச்சிபி (முகவரிகளைத் தானாகப் பங்கிடும் சேவை) வேறு யாருடைய கைத்தொலைபேசிக்காவது கொடுத்திருக்கலாம். பிங் அனுப்பிய கையோடு ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி முகவரி எந்தச் சாதனத்தினுடையது என்று கணினி வைத்திருக்கும் பட்டியல்) திறந்து, அந்த முகவரிக்கு எதிரே உள்ள மேக் முகவரியை, அதாவது சாதனத்துக்கே உரிய அடையாள எண்ணை, சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால், கண்காணிக்கும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் நிலையான முகவரி ஒதுக்கி, டிஎச்சிபி கொடுக்கும் எல்லைக்கு வெளியே வையுங்கள்.

மேக் முகவரியும் சரி என்றால், சாதனத்தின் வலையமைப்புப் பகுதி உயிரோடு இருக்கிறது, வேலை செய்யும் பகுதி உறைந்துவிட்டது. பிங்குக்குப் பதில் சொல்வது மிக எளிய வேலை. படம் அனுப்ப முடியாத கெமராவும் அதைச் செய்யும். கெமராவுக்கு 554ஆம் போர்ட்டையும் (படம் அனுப்பும் சேவையின் வாசல் எண்), இணையப் பக்கம் உள்ள சாதனத்துக்கு 80 அல்லது 443ஐயும், டிரையர் கட்டுப்பாட்டுப் பெட்டி மொட்பஸ் என்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மொழியைப் பேசினால் 502ஐயும், டிசிபி இணைப்பு ஒன்றை ஏற்படுத்திச் சோதியுங்கள். இந்தச் சோதனை பிங்கைவிடப் பாரமானது. பிங் 60 செக்கனுக்கு ஒருமுறை போனால் இது 5 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சில, ஒரு நேரத்தில் ஓரிரண்டு டிசிபி இணைப்புக்கு மேல் ஏற்காது. அவற்றை அடிக்கடி தட்டினால் உண்மையான வேலைக்கே இடம் இல்லாமல் போகும்.

அறிகுறி: சாதனம் நன்றாக ஓடுகிறது, திரை சிவப்பு

எப்போதுமே சிவப்பா, இடையிடையே சிவப்பா? எப்போதுமே என்றால் பெரும்பாலும் தடுப்புச் சுவர் (ஃபயர்வோல்). விண்டோஸ் கணினிகள் பல, உள்ளே வரும் பிங்கைத் தாமாகவே தடுக்கும். ஃபயர்வோலில் கோப்பு, பிரிண்டர் பகிர்வுக்கான எக்கோ விதியை (பிங்கை அனுமதிக்கும் விதி) அந்த வலையமைப்புக்கு மாத்திரம் திறந்துவிடுங்கள்.

இடையிடையே என்றால் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். பிங் அனுப்பும் எஃப்பிங் என்ற கருவியின் வழக்கமான காத்திருப்பு 500 மில்லிசெக்கன்தான். புவிநிலைச் செய்மதி வழியே போகும் பிங் திரும்பி வரவே ஏறக்குறைய 600 மில்லிசெக்கன் ஆகும். அங்கே எல்லாச் சாதனமும் செத்ததாகவே தெரியும். 4ஜி ரவுட்டர் சற்று நேரம் சும்மா இருந்தால் அதன் ரேடியோப் பகுதி ஓய்வுக்குப் போய்விடும். அதை எழுப்பும் முதல் பொட்டலம் (ஒரு பிங் செய்தி) தாமதமாகும் அல்லது தொலையும். ஏஆர்பி பட்டியலில் முகவரி காலாவதியாகியிருந்தாலும் முதல் பொட்டலத்துக்கே ஆபத்து. இதனால்தான் ஒரே ஒரு பொட்டலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறோம். காத்திருப்பை 2 செக்கன் ஆக்குங்கள். ஒவ்வொரு தடவையும் 3 பொட்டலம் அனுப்பி, ஒன்று திரும்பினாலும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மைக்ரோடிக் ரவுட்டரின் நெட்வாட்ச் என்ற கண்காணிப்பு வசதியைப் பாவிப்பவர்கள் இதில் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அதன் எளிய வகை ஒரே ஒரு பதில் தவறினாலும் கீழே போனதாக எழுதிவிடும். ரவுட்டர் மென்பொருளின் 7ஆம் பதிப்பில் உள்ள ஐசிஎம்பி என்ற வகை பல பொட்டலம் அனுப்பி இழப்பு வீதத்தைப் பார்த்து முடிவு செய்யும். டிவிசன் இணைப்புகளுக்கு அதையே வையுங்கள்.

கைத்தொலைபேசி, டெப்லட் இரண்டும் திரை அணைந்தால் வைஃபையில் உறங்கிவிடும். அவற்றைப் பிங் வைத்துக் கண்காணிக்கவே வேண்டாம்.

அறிகுறி: மழை வந்தால் சிவப்பும் பச்சையுமாக மாறுகிறது

வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை பக்கம் அதே காலத்தில் வறண்ட கச்சான் காற்று. மழையோ வடகீழ்ப் பருவக்காற்றோடு டிசம்பரை ஒட்டி வரும். ஆகவே ஹட்டன் பக்கம் ஓடும் அமைப்பை ஊவாவுக்கு (பதுளை, பண்டாரவளை பக்கத்துக்கு) அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே யூலை, ஓகஸ்டில் இணைப்பு ஆடினால், மழையைத் தேடாமல் கம்பத்தின் இழுகம்பிகளையும் பிடிப்பு ஆணிகளையும் இறுக்கிப் பாருங்கள்.

மழையில் இணைப்பு ஆடினால் மழைத்துளிதான் காரணம் என்று உடனே முடிவு கட்டுவது தவறு. 5 கிகாஹேர்ட்ஸ் இணைப்பில் 3 கிலோமீற்றர் தூரத்துக்குக் கடும் மழைகூடச் சில டெசிபலுக்கு மேல் குறைப்பதில்லை. 60 கிகாஹேர்ட்ஸ் ரேடியோவென்றால் கதை வேறு, பெருமழையில் ஒரு கிலோமீற்றருக்கே 15 டெசிபலுக்கு மேல் போகும். 5 கிகாஹேர்ட்ஸில் சமிக்ஞை 10 டெசிபல் விழுகிறதென்றால் இணைப்பானுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது பாதையில் நனைந்த இலை நிற்கிறது. 5.8 கிகாஹேர்ட்ஸில் 3 கிலோமீற்றர் இணைப்புக்கு நடுவழியில் ஃபிரெனல் வலயத்தின் (ரேடியோ அலை பரவிச் செல்லும் வெளியின்) ஆரை 6.2 மீற்றர், அதில் 60 சதவீதம், அதாவது நேர்கோட்டைச் சுற்றி 3.7 மீற்றர் தூரம் வெறுமையாக இருக்க வேண்டும். கம்பம் நட்ட வருடத்தில் தாழ்ந்து நின்ற சவுக்கும் யூக்கலிப்டஸும் நாலைந்து வருடத்தில் அந்த வெளிக்குள் வளர்ந்துவிடும். காய்ந்திருக்கும்போது சமாளிக்கும், நனைந்தால் அடைக்கும்.

அதைச் சரிசெய்யும்வரை இடைவெளியை எப்படி வைப்பது? பத்தில் ஒரு பொட்டலம் தொலைகிற இணைப்பில், நிமிடத்துக்கு ஒரு பொட்டலம் மாத்திரம் அனுப்பித் தீர்ப்புச் சொன்னால் நாளொன்றுக்கு 1,440 சோதனையில் 144 பொய்ச் சிவப்பு. மூன்று பொட்டலம் அனுப்பி மூன்றும் தொலைந்தால்தான் சிவப்பு என்றால் கணக்குப்படி அது ஒன்று அல்லது இரண்டாகக் குறைய வேண்டும். நடப்பில் அவ்வளவு குறையாது, ஏனெனில் மழை இழப்பு கூட்டமாக வரும். ஒரு செக்கன் இடைவெளியில் அனுப்பும் மூன்றும் ஒரே அடியில் தொலையும். ஆகவே பொட்டலங்களைக் கூட்டுவதோடு நிறுத்தாமல் தடவைகளை நேரத்தில் பரப்புங்கள்: 30 செக்கன் மறு இடைவெளியில் 4 அல்லது 5 தடவை. இழப்பு வீதத்துக்குத் தனியாக ஒரு மஞ்சள் எச்சரிக்கை வையுங்கள். 15 நிமிடச் சராசரி 20 சதவீதத்தைத் தாண்டினால் போதும். கம்பத்தில் ஏற வேண்டிய நாளை அந்த மஞ்சள் முன்கூட்டியே சொல்லும்.

மழை இல்லாத நாளிலும் சரியாக ஒரு நிமிடம் அறுந்து மறுபடி சேர்கிறதா? ரேடியோவின் நிகழ்வுப் பதிவைத் திறந்து ரேடார் என்ற சொல்லைத் தேடுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதியில் ரேடார் சமிக்ஞை என்று ரேடியோ சந்தேகித்தால் உடனே அந்த அலைவரிசையை விட்டு, புதியதில் 60 செக்கன் கேட்டுப் பார்த்த பிறகே பேசும். 5600 முதல் 5650 மெகாஹேர்ட்ஸ் வரை ஐரோப்பிய விதிப்படி இயங்கும் ரேடியோ 10 நிமிடம் கேட்கும். குறைந்த மௌனத்தை 60க்கு மேலே கொண்டுபோங்கள். 5600–5650 பக்கமே போகாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பு

மேல் டிவிசன் ரேடியோ ஒன்று போனால் அதற்குப் பின்னால் உள்ள தராசு, கெமரா, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்து ரவுட்டர் எல்லாம் சேர்ந்து சிவக்கும், இருபது செய்தி வரும். எது மூலக் கோளாறு என்று யாருக்கும் விளங்காது. கண்காணிப்பு மென்பொருள்களான நாகியோஸில் பெற்றோர் அமைப்பு, ஸபிக்ஸில் ட்ரிகர் சார்பு என்று இதற்கென்றே வசதி இருக்கிறது. தராசின் பெற்றோர் டிவிசன் சுவிட்ச், சுவிட்சின் பெற்றோர் டிவிசன் ரேடியோ, அதன் பெற்றோர் பெக்டரி ரேடியோ என்று சங்கிலியாகக் கட்டுங்கள்.

சங்கிலி கட்டியும் இருபது செய்தி வருகிறதென்றால் இடைவெளி தலைகீழாக இருக்கிறது. தராசை 30 செக்கனுக்கும் ரேடியோவை 120 செக்கனுக்கும் கேட்டால் பிள்ளை முதலில் சிவக்கும், பெற்றோர் இன்னும் பச்சை. பெற்றோரின் கூடிய தாமதம் எப்போதும் பிள்ளையின் குறைந்த மௌனத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். ரேடியோவுக்கு இடைவெளி 30, மறு இடைவெளி 25, தடவை 4, காத்திருப்பு 2 என்றால் கூடிய தாமதம் 107. கெமராவுக்கு 120, மறு இடைவெளி 60, தடவை 3 என்றால் குறைந்த மௌனம் 120. இப்போது ரேடியோதான் முதலில் பேசும். மறுதொடக்கத்துக்கு 90 செக்கன் எடுக்கும் ரேடியோவுக்கு இந்த எண்கள் போதாது, குறைந்த மௌனம் 75தான்; ரேடியோவின் எண்களை உயர்த்த வேண்டும். அங்கே கெமராவின் எண்களையும் சேர்த்து உயர்த்துங்கள், விகிதம் மாறக் கூடாது.

பெக்டரிக்குள்ளேயே எல்லாம் அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் சிவந்து தானாகச் சரியானால் சுவிட்ச்களின் ஸ்பானிங் ட்ரீயை (வலையமைப்பில் சுற்றுப் பாதை உண்டாகாமல் தடுக்கும் ஏற்பாடு) பாருங்கள். பழைய வகையில் ஒரு போர்ட் எழும்பியதும் 15 செக்கன் கேட்டு, 15 செக்கன் கற்ற பிறகே திறக்கும். சாதனம் மாட்டும் போர்ட்டுகளை உடனே திறக்கும் வகைக்கு மாற்றி, சுவிட்ச்களுக்கிடையே வேக வகையை வையுங்கள்.

அறிகுறி: கரண்ட் போன பிறகு கண்காணிப்பே பின்தங்குகிறது

மின்வெட்டு வந்தால் ஒரு டிவிசனில் 60 சாதனம் ஒன்றாகப் போகலாம். மென்பொருள் ஒவ்வொன்றாகக் கேட்கும் வகையென்றால் செத்த சாதனம் ஒவ்வொன்றும் 3 பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் 2 செக்கன் என்று 6 செக்கனை விழுங்கும். 60 சாதனத்துக்கு 360 செக்கன். ஒரு நிமிடச் சுற்று ஆறு நிமிடச் சுற்றாகி, உயிரோடு இருக்கும் சாதனத்தின் நிலையும் பழையதாகவே நிற்கும். ஸபிக்ஸில் பிங் அனுப்பும் செயல்முறைகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் 1தான். 3 அல்லது 5 ஆக்கி, சேவையை மறுபடி தொடங்குங்கள். வேறு மென்பொருளென்றால் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் பெற்றோர் சிவந்ததும் பிள்ளைகளைக் கேட்பதை நிறுத்தும் அமைப்பே துணை.

கரண்ட் திரும்பும்போது எல்லாச் சாதனமும் ஒன்றாக எழும்பும், முகவரிக்கு ஒன்றாக அடித்துக்கொள்ளும். ஜெனரேட்டரைக் கையால் இயக்கும் பெக்டரியில் கரண்ட் வந்து, போய், மறுபடி வருவதும் உண்டு. பெற்றோர் பச்சையாகி 5 நிமிடம் கடந்த பிறகே பிள்ளைகளுக்கான எச்சரிக்கை தொடங்கும்படி வையுங்கள்.

அறிகுறி: திரையில் நாளெல்லாம் பச்சை, மடுவத்திலிருந்து முறைப்பாடு

தராசு இடையிடையே அறுகிறது என்கிறார்கள், பதிவிலோ எதுவும் இல்லை. குறைந்த மௌனத்தைவிடக் குறுகிய மறுதொடக்கங்கள் நடக்கின்றன. அதற்காக இடைவெளியைச் சுருக்கினால் பொய் எச்சரிக்கை கூடும். சாதனம் எஸ்என்எம்பி (தன் நிலையைக் கேட்டால் சொல்லும் முறை) பேசினால், எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வாங்குங்கள். அதன் இலக்கம் 1.3.6.1.2.1.1.3.0. முந்தைய எண்ணைவிடச் சிறிதாக வந்தால் நடுவில் மறுதொடக்கம் நடந்திருக்கிறது. (செக்கனின் நூறில் ஒரு பங்காக எண்ணும் 32 பிட் எண் அது, 497 நாளில் நிரம்பித் தானாகவே பூச்சியமாகும், அதை மறுதொடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள்.)

மறுதொடக்க நேரங்களை ரோலர் (கொழுந்தை உருட்டும் இயந்திரம்) ஓடத் தொடங்கும் நேரங்களோடு ஒப்பிடுங்கள். பெரிய மோட்டர் புறப்படும்போது வோல்டேஜ் ஒரு கணம் விழும், ரேடியோவின் சிறிய அடப்டர் அதைத் தாங்காது. 12 வோல்ட் 7 அம்பியர் மணி பெட்டரியோடு ஒரு சிறிய டிசி யுபிஎஸ் போட்டால் இந்தப் பிரச்சினை முடிந்துவிடும். 15 வொட் பாரத்துக்கு மின்வெட்டிலும் மூன்று மணி நேரமளவு தாங்கும்.

அறிகுறி: மாத நடுவில் டேட்டா தீர்கிறது

இது கண்காணிப்பு வெளியே, கொழும்பிலோ இணையத்திலோ உள்ள சேர்வரில் ஓடும் இடத்துக்கு. ஒரு சாதாரண பிங் 84 பைட். போக வர 168. மூன்று பொட்டலம், 60 செக்கனுக்கு ஒருமுறை என்றால் ஒரு சாதனத்துக்கு மாதம் ஏறக்குறைய 22 எம்பி. 40 சாதனத்துக்கு 870 எம்பி. இதையே 10 செக்கன் ஆக்கினால் 5.2 ஜிபி, விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை) மேற்சுமை தனி. டிவிசன் சாதனங்களைத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு சிறிய கணினி கேட்டு, முடிவை மாத்திரம் வெளியே அனுப்பட்டும்.

4ஜி சிம்முக்குப் பெரும்பாலும் பொது முகவரி கிடைப்பதில்லை. வெளியிலிருந்து பிங் உள்ளே வராது, அது கோளாறல்ல. உள்ளிருக்கும் ரவுட்டர் 60 செக்கனுக்கு ஒருமுறை தானே செய்தி அனுப்பட்டும், மூன்று தவறினால் சிவப்பு. எல்லையைச் சரியாக 180 என்று வைக்காமல் 200 ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஓரிரு செக்கன் தாமதமே எச்சரிக்கையாகும். வயர்காட் என்ற விபிஎன் என்றால் உயிர்காப்பு இடைவெளியை 25 செக்கன் என்று வையுங்கள்; கடைசிக் கைகுலுக்கல் (இரு முனையும் ஒன்றையொன்று உறுதிசெய்வது) 3 நிமிடத்தைத் தாண்டிப் பழையதாகியிருந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது.

அறிகுறி: தராசு தினமும் மாலையில் சிவப்பு

கொழுந்து நிறுக்கும் நேரம் முடிந்ததும் தராசை அணைத்துப் பெட்டியில் பூட்டுகிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. நிறுக்கும் நேரங்களுக்கு மாத்திரம் கண்காணிப்பு ஓடும்படி அட்டவணை போடுங்கள். மலைக்கு எடுத்துச் செல்லும் கையடக்கத் தராசுக்கு பிங்கே வேண்டாம். கடைசியாக எப்போது தரவு அனுப்பியது என்பதைப் பாருங்கள். வேலை நாளில் மாலை 6 மணிவரை எதுவும் வரவில்லை என்றால் ஒரு செய்தி போதும்.

அறிகுறி: திரை சிவந்திருக்கிறது, கைத்தொலைபேசிக்குச் செய்தி வரவில்லை

அறுந்தது இணைய இணைப்பு என்றால், அதே இணைப்பு வழியாக அனுப்பிய செய்தியும் அறுந்துவிடும். ஆபிஸ் கணினியில் ஒரு யுஎஸ்பி மோடமும் வேறு நிறுவனத்துச் சிம்மும் போட்டு, குறுஞ்செய்தி வழியை இரண்டாவதாக வையுங்கள். கண்காணிக்கும் கணினியே அணைந்தால் யார் சொல்வது? வெளியில் உள்ள ஒரு சேவைக்கு அந்தக் கணினி 5 நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்ப, 15 நிமிடம் வராவிட்டால் அந்தச் சேவை உங்களை அழைக்கட்டும்.

மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் அதிகம். மின்னலுக்குப் பிறகு ஒரு சாதனம் மாத்திரம் சிவந்து நின்றால், ஆளை அனுப்புமுன் சுவிட்சில் அதன் போர்ட் விளக்கு எரிகிறதா என்று ஆபிஸ் கணினியில் சுவிட்சின் பக்கத்தைத் திறந்து தூரத்திலிருந்தே பாருங்கள். சாதனத்தில் கரண்ட் இருந்தும் போர்ட் விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் வலையமைப்புப் போர்ட் எரிந்துவிட்டது. போகிறவர் கையில் ஒரு மாற்று சுவிட்ச், இரண்டு சேர்ஜ் தடுப்பான், முனை அடித்த கேபிள் ஒன்று கொடுத்தனுப்புங்கள். இரண்டாவது தடவை மேடேற வேண்டியிராது.